அடுப்புக்குப் பின்னுள்ள சுவர்

ஹந்தானை என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களில் பலருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் நீலமாய் நிற்கும் மலைத்தொடர் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு அம்மலையிலுள்ள தேயிலை நூதனசாலை நினைவுக்கு வரலாம். 1925ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே 2001இல் நூதனசாலையாக மாறியது. கொழுந்து உருட்டும் பொறிகளையும் பழைய இயந்திரங்களையும் காட்டுவதற்காக நான் மாணவர்களை அங்கே பன்முறை அழைத்துச் சென்றிருக்கின்றேன். பொறிகளின் வரலாறு அங்கே இருக்கின்றது. அப்பொறிகளுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவள் மாலையில் வீடு திரும்பி மூட்டிய அடுப்பின் வரலாற்றைப் பிறிதோரிடத்திலேதான் தேடவேண்டும்.

அவ்வடுப்பைப் பற்றியுங்கூட அன்று. அதற்குப் பின்னால் நிற்கும் சுவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஹந்தானை அடிவாரத்தில் என் மகளும் மருமகனும் ஒரு சிறு வீடு கட்டினார்கள். சமையலறை வேலை நடந்த நாட்களில் ஒருநாள் மகள் கடையிலிருந்து நான்கு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து மேசைமீது பரப்பினாள். ஒன்று பளபளக்கும் வெள்ளைச் சுவரோடு. ஒன்று கருங்கல். ஒன்று கண்ணாடி. மற்றொன்று துருவேறா உருக்குத் தகடு. "அடுப்புக்குப் பின்னால் எதை ஒட்டுவது, நீங்களே சொல்லுங்கள்" என்றாள். நானோ சரித்திரம் கற்பிப்பவன். கேட்ட கேள்விக்கு நேராக விடை கூறும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அந்தச் சுவருக்கு இதுவரை எதை எதைப் பூசினோம், ஏன் பூசினோம் என்று எண்ணத் தொடங்கினேன். அந்த எண்ணம் என்னை ஒரு லயத்துக் காம்பராவில் கொண்டுபோய் நிறுத்தியது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் முதலில் விளைந்தது காப்பி. 1869இல் இலைநோய் கண்டு காப்பி அழியத் தொடங்கியது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையில் 1867இலேயே 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, குடியிருப்பு மாறவில்லை. காப்பித் தோட்டங்களுக்குப் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போன கூலிகளுக்கென எழுந்த நீண்ட கொட்டில்களின் அமைப்பே, ஆண்டு முழுவதும் தங்கியிருந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தேயிலைத் தொழிலாளருக்கும் வாய்த்தது. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்பது ஒரு காம்பராவின் வழக்கமான அளவு. முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒற்றை லயமாயின் பின்புறத்திலே காற்றுக்குச் சிறிதாவது இடமுண்டு. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய இரட்டை லயமாயின் பின்கதவுமில்லை, பின்சாளரமுமில்லை. அடுப்பு காம்பராவின் ஒரு மூலையில் இருக்கும். அல்லது இஸ்தோப்பின் ஒரு பக்கத்தைச் சாக்கினாலோ தகரத்தினாலோ அடைத்து, அங்கே இருக்கும். எங்கிருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்.

விறகு எது? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்துவரும் மிலாறு. தேயிலைச் செடியின் இந்தச் சுள்ளி நன்றாகக் காய்ந்திருந்தால் நல்ல விறகு, நின்று எரியும். ஆனால் ஹந்தானைப் பக்கத்தில் எதுதான் நன்றாகக் காய்கின்றது? வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகையில் இடியோடு மற்றொரு மழை. ஈர விறகு எரியும்பொழுது வெளிவரும் ஆவியிலே தார் போன்ற பிசின் கலந்திருக்கின்றது. குளிர்ந்த கற்சுவரில் பட்டதும் அது படிந்து உறைகின்றது. அதன்மேல் கரி ஒட்டுகின்றது. கரியின்மேல் மீண்டும் பிசின். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு படிந்த சுவர் கருப்புநிறங்கூட அன்று. கருப்புக்கும் அரக்குக்கும் இடைப்பட்ட, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் ஒரு மினுமினுப்பு. துணியால் துடைத்தால் துணிதான் கெடும்.

இந்தச் சுவரை என் அப்பாயி எவ்வாறு ஆண்டார் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். வெள்ளிக்கிழமைதோறும் அதிகாலையில் அடுப்பையும் அதன் பின்சுவரில் இடுப்பளவு உயரத்தையும் பசுஞ்சாணமும் செம்மண்ணும் கரைத்து மெழுகுவார். கழுவுதல் என்ற பேச்சே அங்கில்லை. அழுக்கை அகற்றாமல், அழுக்கின்மேல் ஒரு புதிய தோலைப் போர்த்தினார். சாணத்திலுள்ள நார் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். சூட்டினால் வெடிப்பு விழாமல் காக்கும். பிசினையும் கரியையும் அந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியது காய்ந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மறு வெள்ளிக்கிழமை புதிய பூச்சு. மாட்டுப்பட்டி வைத்திருந்த அயலவர் சாணத்துக்குக் காசு கேட்டதில்லை. ஆற்றோரத்துச் செம்மண்ணுக்கு யாரும் கணக்கெழுதவில்லை.

தீபாவளிக்கு முன்னர் சுண்ணாம்பு வரும். இந்தச் சுண்ணாம்பு எங்கள் மலைகளின் பொருள். கண்டி, திகன, மாத்தளைப் பகுதிகளின் நிலத்தடியில் பளிங்குத் தன்மையுடைய சுண்ணக்கற்பாறை கிடக்கின்றது. அதைச் சூளையிலிட்டுச் சுட்டால் கல்லுக்குள் கட்டுண்டிருந்த கரிவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகின்றது. தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து நீறாகின்றது. நீறைக் கரைத்துச் சுவரில் பூசினால், சுவரிலே இருந்தபடியே காற்றிலுள்ள கரிவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகின்றது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகின்றது என்று சொல்லலாம். வகுப்பில் இதைக் கூறும்பொழுதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை கிருமிகளையும் பூஞ்சணத்தையும் கொல்லும். அதனாலேயே தோட்ட நிர்வாகங்களும் அதனை விரும்பின. 1912ஆம் ஆண்டிலே தொழிலாளரிடையே பரவும் நோய்களைப் பற்றி இயற்றப்பெற்ற சட்டம் லயங்களின் சுகாதாரத்தை அரசின் கண்காணிப்பிற்குள் கொண்டுவந்தது. அம்மைக்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சிய காலத்தில் வெள்ளையடித்த சுவரே சுகாதாரத்தின் அடையாளம். பரிசோதனைக்கு வருபவர் கண்ணில் முதலிற் படுவதும் அதுதானே!

வெளிச்சுவரின் வெண்மை ஆண்டு முழுதும் நிற்கும். அடுப்புச் சுவரின் வெண்மை பொங்கலைக் காணாது. அதற்குள் கரி வென்றுவிடும். புளியோ தேசிக்காய்ச் சாறோ தெறித்த இடத்தில் சுண்ணாம்பு அரித்துப் போகும். எனினும் அப்பாயியோ என் தாயாரோ அதனைப் பெருங்குறையாக எண்ணவில்லை. சுவர் கறுப்பதும் அதைப் புதுப்பிப்பதும் மழை பெய்வதையும் வெயில் காய்வதையும் போன்ற ஒரு நியதி என்றே கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு முறை என் தாயார் அந்த நியதியை மீற முயன்றார். எனக்கு அப்பொழுது எட்டு வயதிருக்கும். தோட்டங்களை அரசு ஏற்றுக்கொண்டிருந்த காலம். அந்நாளில் தேயிலையை ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். ஈரம் புகாதிருக்கப் பெட்டியின் உட்புறத்தில் மெல்லிய உலோகத்தாள் வைப்பார்கள். அது அலுமினியம், முற்காலத்தில் ஈயமாயிருந்தமையாற் போலும், எங்கள் பக்கத்தில் ஈயத்தாள் என்றே வழங்கியது. உடைந்த பெட்டியொன்றின் தாளை யாரிடமோ கேட்டு வாங்கிவந்த தாயார், அதை அடுப்புச் சுவரின்மேல் விரித்து, சுற்றிலும் சிறு ஆணிகளால் அறைந்தார். அன்றிரவு அடுப்பு மூட்டியபோது நெருப்பு சுவருக்குள்ளும் எரிவதுபோலத் தெரிந்தது. காம்பரா முழுதும் வெளிச்சம். குப்பி விளக்கு இல்லாமலேயே நான் வாசித்தேன். காலையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார், கரி வந்துவிட்டது. அவர் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் பின்னர் என் பட்டமளிப்பு நாளிலே மறுபடி கண்டேன்.

நான்காம் நாள் லயம் பார்க்க வந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் ஆணிகளைக் கண்டார். தோட்டத்துச் சுவரில் ஆணி அறைய யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். பெட்டித் தாள் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. தாயார் விடை கூறாமல் தாளைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டார். ஆணி பிடுங்கிய குழிகளை அப்பாயி சாணத்தால் மெழுகி மூடினார். இதிலே அந்த உத்தியோகத்தரைக் குறை கூறி என்ன பயன்? துரைமாரின் கம்பெனிகளிடமிருந்த தோட்டங்கள் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் அரசுடைமையாயின. ஹந்தானைத் தோட்டம் ஜனவசம என்று நாம் வழங்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின்கீழ் வந்தது. சுவரின் சொந்தக்காரர் மாறினார். சுவருக்குள்ளே வாழ்ந்தவர் சொந்தக்காரராகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் போவோர், இருப்போர் என்று பங்கிடப்பட்ட மக்களுக்கு ஓர் ஆணி அறையும் உரிமை எங்கிருந்து வரும்?

அந்த ஈயத்தாளைப் பற்றிப் பின்னாளில் நான் நெடுநேரம் சிந்தித்ததுண்டு. தாயார் வேண்டியது கழுவக்கூடிய ஒரு சுவர். அப்பாயியின் சுவரோ புதுப்பிக்கக்கூடிய சுவர். இவ்விரண்டும் தூய்மையைப் பற்றிய இருவேறு கருத்துக்கள். உலக வரலாற்றிலும் அடுப்புச் சுவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியமை காணத்தக்கது.

ஒல்லாந்தர் இதிலே முந்தியவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் அவர்கள் தங்கள் நாட்டு வீடுகளில் கணப்பைச் சுற்றியும் சுவரின் அடிப்பாகத்திலும் வெள்ளீயம் கலந்த வெண்மெருகு பூசிய ஓடுகளைப் பதித்தார்கள். டெல்வ்ற் நகரின் பெயரால் இன்றும் புகழ்பெற்று விளங்கும் நீலச் சித்திர ஓடுகள் அவை. அழகு அவற்றின் ஒரு பாதி. ஈரமும் கரியும் சுவரில் ஏறாமல் தடுத்தமை மற்றப் பாதி. அதே நூற்றாண்டில் அவர்கள் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றி 1796 வரை ஆண்டார்கள். கண்டி இராச்சியம் அவர்கள் கைக்குள் வரவில்லை. இஸ்தோப்பு என்ற ஒல்லாந்தச் சொல் மலையேறி லயத்து வாசல்வரை வந்து சேர்ந்தது. அவர்களுடைய ஓடு வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாஸ்டரும் கோக்கும் நோய்க்குக் காரணம் கிருமி என்று காட்டினார்கள். காசநோய்க் கிருமியைக் கோக் அறிவித்தது 1882இல். அதன்பின் ஐரோப்பிய மருத்துவமனைகளிலும் பால் விற்கும் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் வெள்ளை ஓடு வேகமாகப் பரவியது. அழுக்கு மறைந்திருக்க இடமில்லாத பரப்பே நல்ல பரப்பு என்ற எண்ணம் அங்கிருந்தே சமையலறைக்குள் நுழைந்தது. 1926இல் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட் ஷூட்டே-லிகொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பேர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். பெண்ணின் நடையைக் காலடி காலடியாக அளந்து, எது எங்கே இருக்கவேண்டும் என்று அமைத்த அச்சமையலறை ஏறக்குறைய 10,000 வீடுகளில் இடம்பெற்றது. இன்றைய சமையலறைகளுக்கெல்லாம் அதுவே மூதாதை என்பர். அதன் பரப்பு 6.5 சதுர மீற்றர். ஏறத்தாழ 70 சதுர அடி. மிகச் சிறியது என்று அந்நாட்டார் குறைகூறினார்கள். நூற்றிருபது சதுர அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே உண்டு உறங்கிப் பிள்ளை பெற்ற கதையை அவர்கள் அறியார்.

எங்கள் மலைகளில் கழுவும் சுவர் முதலில் சீமெந்து வடிவில் வந்தது. ஜோசப் அஸ்ப்டின் என்ற ஆங்கிலேயர் 1824இல் காப்புரிமை பெற்ற போட்லண்ட் சீமெந்து நெடுங்காலம் கப்பலில் வந்த பொருள். 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் அது உள்நாட்டுப் பொருளாயிற்று. கண்டி நகர வீடுகளில் அடுப்புத் திட்டுக்கும் பின்சுவருக்கும் சீமெந்து பூசி, ஈரமாயிருக்கும்போதே தூள் தூவித் தேய்த்து மினுக்குவார்கள். சிவப்பு அல்லது கறுப்புச் சாயம் கலப்பதும் உண்டு. நன்றாக மினுக்கிய கறுப்புச் சீமெந்து அடுப்புச் சுவருக்கு இன்றும் தகுந்த பொருளே. சூட்டைத் தாங்கும், தேய்த்துக் கழுவலாம், விலையும் குறைவு. ஏழைகளின் பொருள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டமையாலேயே அது வழக்கொழிந்து வருகின்றது என்பது என் கருத்து.

அடுத்து வந்தது பீங்கான் ஓடு. உள்நாட்டில் சுவரோடு செய்வதற்கென லங்கா வோல்டைல் நிறுவனம் 1975இல் அமைந்தது. தோட்டங்கள் அரசுடைமையான அதே ஆண்டு என்பதைச் சரித்திர ஆசிரியன் கவனியாமல் இருக்கமுடியாது. இந்நாட்டுப் பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் என்னும் கனிப்பொருள் எங்கள் அயலிலேயே, மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஓவலவில் கிடைக்கின்றது. வெண்களிமண்ணோடு அரைத்துச் சேர்த்துச் சுடும்போது இக்கனிப்பொருள் உருகிக் கண்ணாடியாகி, மண் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. மேலே பூசும் மெருகும் ஒருவகைக் கண்ணாடியே. அக்கண்ணாடித் தோலுக்குள் எண்ணெயும் மஞ்சளும் புக வழியில்லை. ஆகவேதான் ஒரு துடைப்பில் வந்துவிடுகின்றன. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் நிரப்பும் சீமெந்துக் கோட்டுக்கு அத்தோல் இல்லை. மஞ்சள் அங்கேதான் குடியேறும். ஏறியபின் எளிதில் இறங்காது. கடைக்காரர்கள் ஓட்டைத் தேய்த்துக் காட்டுவார்களேயன்றிக் கோட்டைத் தேய்த்துக் காட்டமாட்டார்கள்.

மகள் கொணர்ந்த ஏனைய மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருவேறா உருக்கு 1913இல் ஷெவ்பீல்ட் நகரிலே ஹரி பிரியர்லி என்பவரின் ஆய்வால் துலங்கியது. அதிலுள்ள குரோமியம் காற்றுப்பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப்படலமாகின்றது. அடுப்புக்கு அருகில் அதைப் பொருத்துவோர் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் சிறிது இடைவெளி விடுதல் நலம். அன்றேல் சூடு முழுதும் சுவருக்குப் போகும். கண்ணாடி, சூட்டிற்குப் பதப்படுத்தியதாக இருத்தல்வேண்டும். சாதாரணக் கண்ணாடி தெறித்து உடையும். மெருகிட்ட கருங்கல் உறுதியானது. ஆயினும் அதற்கும் நுண்துளைகள் உண்டு, காப்பெண்ணெய் பூசாவிடின் நல்லெண்ணெய்க் கறை நிற்கும். பளிங்கு அறவே வேண்டா. சுண்ணாம்பை அரித்த அதே புளி அதையும் அரிக்கும்.

இவ்வளவும் எரிவாயு அடுப்பை மனத்திற்கொண்டு கூறியவை. எங்கள் வீட்டு அனுபவம் வேறொன்றைக் கற்பித்தது. ஆசிரியத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து நான் கட்டிய வீட்டில், அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தோம். தாளிதம் தெறிக்கும் உயரம் அதுதான் என்று மேசன் சொன்னார், சரியாகவே சொன்னார். அதற்குமேல் இளமஞ்சள் நிறப்பூச்சு. பதினைந்து ஆண்டுகள் அச்சுவர் பளிச்சென்று இருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. 2022இல் எரிவாயுவே கிடைக்காமற் போயிற்று. வெற்றுக் கொள்கலன்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்து மக்கள் இரவுபகலாகக் காத்திருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாங்களும் இரண்டு முறை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாம் முறை, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த என் தாயார், "அடுப்பு வாங்கி வா" என்றார்.

வாங்கிவந்தது அனகி அடுப்பு. 1980களில் இந்நாட்டிலே உருவாக்கப்பெற்றுப் பரவலான, ஒரே மண்ணுடலில் இரண்டு பாத்திரங்கள் வைக்கக்கூடிய அடுப்பு இது. விறகை நன்கு மிச்சப்படுத்துவது. ஆனால் புகைபோக்கி இதற்கு இல்லை. எரிவாயு அடுப்பிருந்த அதே ஓட்டுத் திட்டின்மேல் அதனை வைத்தோம். ஒரு கிழமைக்குள் வெள்ளை ஓடு தேயிலைச் சாயத்தின் நிறமாயிற்று. தாயார் சாம்பலும் தேங்காய்த் தும்பும் எடுத்துத் தேய்த்தார். ஓடு பழையபடி வெளுத்தது. எனக்கு வியப்பு. அவருக்கோ நாற்பதாண்டுகளுக்கு முன் கழற்றிக் கொடுத்த ஈயத்தாள் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். எதுவும் சொல்லாமல் சிரித்தார். ஆனால் ஓட்டுக்கு மேலிருந்த இளமஞ்சள் சுவர்? கூரைவரை கறுத்தது. கழுவினால் பூச்சு உரிந்தது, கரி உரியவில்லை. இரண்டு மாதத்தின் பின் சூட்டினால் இரண்டு ஓடுகள் சுவரைவிட்டுக் கழன்றன. தட்டிப்பார்த்தபோது அவற்றின் பின்புறம் வெறுமையாயிருந்தது. சாந்து முழுதாகப் படியவில்லை.

அப்பொழுதுதான் எனக்கு ஒரு செய்தி தெளிவாயிற்று. கடைகளில் விற்பது தெறிப்புக்கான சுவர். எங்கள் முன்னோர் ஆண்டது புகைக்கான சுவர். தெறிப்பு இரண்டடியோடு நிற்கும். புகை கூரைவரை போகும். பின்னர் நெஞ்சுக்குள்ளும் போகும். சமையலறைப் புகையாலும் அதையொத்த வீட்டுக் காற்று மாசினாலும் 2020இல் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. அப்பாயியை இறுதிவரை வருத்திய இருமலை நாங்கள் குளிரின் இருமல் என்றே நினைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அவர் மெழுகி மறைத்த கரி, மெழுக முடியாத ஓரிடத்திலும் படிந்துகொண்டிருந்தது என்பதை அவருக்கோ எங்களுக்கோ யாரும் கூறவில்லை.

ஆகவே மகளுக்கு நான் கூறிய முதல் விடை ஓட்டைப் பற்றியதன்று. விறகடுப்பும் வைப்பாயா, மாட்டாயா என்று கேட்டேன். 2022ஐக் கண்டவள், வைப்பேன் என்றாள். அப்படியானால் பின்பக்கத்தில் அதற்குத் தனியிடம் ஒதுக்கி, கூரைக்கு மேலே தலைநீட்டும் புகைபோக்கி ஒன்றைக் கட்டு, பிறகு ஓட்டைப் பார்ப்போம் என்றேன். எரிவாயு அடுப்புக்குப் பின்னால் இரண்டடிக்கு எந்த ஓடும் போதும். பெரிய ஓடாயின் கோடு குறையும். விறகடுப்புக்குப் பின்னால் மினுக்கிய கறுப்புச் சீமெந்து, அல்லது கூரைவரை வெள்ளை ஓடு. மகள் ஓட்டையே விரும்பினாள். கறுப்புச் சீமெந்துக்காக நான் வாதாடியது வீணாயிற்று. கரி எங்கே இருக்கின்றது என்று கண்ணுக்குத் தெரியவேண்டும், தெரிந்தால்தானே கழுவலாம் என்றாள். கோக்கின் மாணவி போலப் பேசிய அவளுக்கு மறுமொழி கூற இயலவில்லை.

லயங்களிலும் இப்போது மாற்றம் நிகழ்கின்றது. மிக மெதுவாக நிகழ்கின்றது. தனிவீடும் ஏழு பேர்ச் காணியும் என்பது அண்மைக் காலத் திட்டங்களின் அளவு. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பெற்றபடி மேலும் 10,000 வீடுகளும் கட்டும் திட்டம் அவற்றுள் ஒன்று. 550 சதுர அடி கொண்ட அவ்வீடுகள் சிலவற்றிற்கு, பழைய மாணவிகள் அழைத்தமையால், நான் சென்றிருக்கின்றேன். ஓரிடத்தில் வாசற்கதவுக்கு இன்னும் நிறம் பூசவில்லை. தரையும் வெறும் சீமெந்து. அடுப்புக்குப் பின்னால் மாத்திரம் பன்னிரண்டு ஓடுகள் பதித்திருந்தாள் அந்தப் பெண். ஓடுகள் ஒரே நிறமல்ல. கடையில் மிஞ்சியவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தாள். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே தேநீர் ஊற்றினாள். ஹந்தானைச் சரிவுகளிலோ இன்றும் லயங்கள் நிற்கின்றன. அங்கே வெள்ளிக்கிழமைகளில் இன்றும் மெழுகுகின்றவர்கள் இருக்கின்றார்கள்.

மகள் வீட்டில் ஓடு பதித்த நாளன்று தாயாரையும் அழைத்துச் சென்றேன். மேசன் ஒவ்வோர் ஓட்டின் பின்னும் சாந்தை முழுதாகப் பரப்பி, பதித்தபின் விரலால் தட்டி ஓசை கேட்டு, கூரைவரை ஏற்றிக்கொண்டு போனார். தாயார் ஒரு நாற்காலியில் அமர்ந்து கடைசி வரிசை முடியும்வரை பார்த்திருந்தார். முடிந்ததும் எழுந்து போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். அகப்பை தொங்கவிட அங்கே ஓர் ஆணி வேண்டும் என்றார். ஓட்டின் நடுவே துளையிட்டால் வெடித்துவிடும், இரண்டு ஓடுகளுக்கு இடையிலுள்ள கோட்டிலே வேண்டுமானால் அடித்துத் தருகின்றேன், சாந்து காயட்டும், நாளைக்கு வருகின்றேன் அம்மா என்றார் மேசன். மறுநாளும் தாயார் வந்தார். ஆணி எவ்வுயரத்தில் இருக்கவேண்டும் என்று தாமே கையை வைத்துக் காட்டினார்.